கிம் செங் பாலம் முதல் ஆற்றுமுகம் வரை: குடும்பத்தோடு சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஒரு காலை நடை

ஊரிலிருந்து உறவினர்கள் வந்து இறங்கிய இரண்டாம் நாளே அந்தக் கேள்வி வந்துவிடும். "பிள்ளைங்களையும் அம்மாவையும் கூட்டிட்டுப் போகணும். ஏறி இறங்க முடியாது. டிக்கெட் எல்லாம் வேண்டாம். எங்க போகலாம்?" என் பதில் பல வருடங்களாக மாறவில்லை. ஆற்றங்கரைக்குப் போங்கள். காலையில் போங்கள். கிம் செங் பாலத்தில் தொடங்கி ஆறு போகும் திசையிலேயே போங்கள்.

சிங்கப்பூர் ஆறு சின்ன ஆறு. கிம் செங் பாலத்திலிருந்து கடல்முகம் வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான். காவிரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வாய்க்கால் மாதிரித் தெரியும். என் மாமியார் கும்பகோணத்துக்காரர், முதல் நாள் அப்படித்தான் சொன்னார். ஆனால் இரு கரையிலும் சமதளமாக நடைபாதை போட்டு, மரம் வைத்து, உட்கார இடம் செய்து வைத்திருக்கிறார்கள். குழந்தையின் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் சிரமமில்லாமல் போகும். பெரியவர் தனியாக நடந்தால் முக்கால் மணி நேரம். குடும்பத்தோடு போனால் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த இரண்டரை மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

எப்போது கிளம்புவது

இங்கே வருடம் முழுவதும் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கு உதித்து 7 மணிக்கு மறையும். அதனால் காலை ஏழரைக்குள் ஆற்றங்கரையில் இருப்பது நல்லது. ஒன்பதரை வரை வெயில் பொறுத்துக்கொள்ளலாம். பத்து மணிக்கு மேல் கைக்குழந்தையோடு வெளியில் நிற்பதே தப்பு என்று தோன்றும். வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும்.

மாலையில் போனால் விளக்கு வெளிச்சம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆற்றோரத்தில் வரும் கிளார்க் கீயும் போட் கீயும் (கீ என்றால் படகுத்துறை) மாலையில் மதுக்கூடங்களின் இடம். பாட்டுச் சத்தம், மேசைகளுக்கு நடுவே நெரிசல், உணவகத்துக்குள் வரச்சொல்லி அழைப்பவர்கள். நடக்கத் தெரிந்து கையை உதறும் வயதில் குழந்தை இருந்தால், மாலை நேரம் வேண்டாம் என்றே சொல்வேன். விளக்கைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு நாள் ஆற்றுமுகத்துக்கு மட்டும் தனியாக வாருங்கள்.

மழையைக் கணக்கில் வைத்தே ஆக வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. பிற்பகல் இடிமழை அதிகம். ஒரு டிசம்பரில் பேச்சைக் கேட்காமல் நாலு மணிக்குக் கிளம்பினோம். அரை மணி நேரத்தில் வானம் கறுத்து, ஒரு பாலத்துக்கு அடியில் முக்கால் மணி நேரம் ஒதுங்கி நின்றோம். இடி இடிக்கும்போது மரத்தடியில் நிற்காதீர்கள். பாலத்தடிக்கோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள். ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை சில நாள் விடியற்காலையிலேயே சுமத்ராப் பக்கமிருந்து பலத்த காற்றோடு மழை வந்து, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் நடையை ரத்துசெய்ய வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் போதும். மழை விட்ட பிறகு கரை குளிர்ந்து கிடக்கும்.

கையில் என்ன

தண்ணீர் பாட்டில், ஆளுக்கு ஒன்று. இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், வீட்டிலிருந்தே நிரப்பிக்கொள்ளுங்கள். தொப்பி, குடை, பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுச் சட்டை. செருப்பு வேண்டாம், வாரால் இறுக்கும் காலணியாக இருக்கட்டும். மூட்டு வலி உள்ள பெரியவருக்குக் கையில் சின்னத் துண்டு ஒன்று கொடுத்துவிடுங்கள், பனி ஈரமாக இருக்கும் இருக்கையைத் துடைத்துவிட்டு உட்காரலாம். கொறிக்க ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றோரத்துக் கடைகளில் காலைச் சாப்பாடு விலை அதிகம்; அதிகாலையில் பல கடைகள் திறந்திருக்காது. நாங்கள் இட்லியைப் பொடி தடவி டப்பாவில் போட்டுக்கொண்டு போவோம். கழிப்பறைக்குத் தொடக்கத்தில் கிரேட் வோர்ல்ட் கடைத்தொகுதி, நடுவில் கிளார்க் கீ நிலையத்துக்கு மேலே இருக்கும் கடைத்தொகுதி, கடைசியில் ஆசிய நாகரிக அருங்காட்சியகம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் அவசரம் வராது. ஆனால் கடைத்தொகுதிகள் திறக்கும் நேரம் வேறு, அதனால் புறப்படும்போதே பிள்ளைகளை வீட்டில் போகவைத்துவிடுங்கள்.

தொடங்கும் இடம்

தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் வழித்தடத்தில் கிரேட் வோர்ல்ட் நிலையத்தில் இறங்குங்கள். 2022 நவம்பரில் திறந்த நிலையம். மின்தூக்கி இருக்கிறது, தள்ளுவண்டியை மடிக்கத் தேவையில்லை. 0.9 மீட்டர் உயரத்துக்குக் குறைவான பிள்ளைகள் பெரியவரோடு வந்தால் ரயிலில் கட்டணம் இல்லை. வெளியே வந்து கிம் செங் சாலையில் ஆற்றைப் பார்த்து நடந்தால் சில நிமிடங்களில் பாலம் தெரியும். பாலத்தில் ஏறாமல் அதற்கு முன்பே இடதுபக்கம் கரைக்கு இறங்கிவிடுங்கள். இனி ஆறு உங்கள் வலப்பக்கம். கடைசிவரைக்கும் ஏறக்குறைய இதே வடகரைதான்.

தென்கரையிலும் நடக்கலாம். ஆனாலும் வடகரையைச் சொல்வதற்குக் காரணம், நின்று பார்க்க வேண்டியவை பெரும்பாலும் இந்தப் பக்கம் இருக்கின்றன. கடைசிப் பகுதியில் நல்ல நிழலும் இந்தப் பக்கம்தான். திசையும் அப்படித்தான். கடல்முகத்தில் தொடங்கி மேலே வருபவர்கள் சிங்கத்தலையும் மீன் உடலுமாக நிற்கும் மெர்லயன் சிலையை முதலில் பார்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடும்.

புறப்படும் முன் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: பாலங்களை எண்ண வேண்டும். கிம் செங் பாலம் ஒன்று. கடல் வரைக்கும் எத்தனை? விடையை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் ஆறு வயதுப் பையனை மூன்று கிலோமீட்டர் முணுமுணுப்பில்லாமல் நடக்கவைத்தது இந்த ஒரு கணக்குதான்.

முதல் பகுதி: ராபர்ட்சன் கீ

கிம் செங் பாலம் டான் கிம் செங் என்ற வணிகரின் பெயர். ஊருக்குக் குடிநீர் கொண்டுவருவதற்காக 1857ல் 13,000 டாலர் நன்கொடை தந்தவர். கொஞ்ச தூரத்தில் வரும் அடுத்த நடைப்பாலம் ஜியாக் கிம் பாலம்; அந்த ஜியாக் கிம் இவருடைய பேரன். தாத்தாவும் பேரனும் பக்கத்துப் பக்கத்துப் பாலமாக நிற்கிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும்.

இந்தப் பகுதி முழுக்க அமைதி. அடுக்குமாடி வீடுகள், ஓட்டப்பயிற்சி செய்பவர்கள், நாயோடு நடப்பவர்கள். இடதுபக்கமாக நடங்கள்; பின்னால் மிதிவண்டி வரும். கைக்குழந்தைக்காரர்கள் வேகம் குறைக்க வேண்டிய இடமும் இதுதான், ஏனென்றால் நீர்நாய்கள் கண்ணில் படும் வாய்ப்பு இங்கே உண்டு. நகரத்துக்கு நடுவே, இத்தனை கட்டடங்களுக்கு மத்தியில், நீர்நாய்க் குடும்பங்கள் இந்த ஆற்றில் வாழ்கின்றன. ஒருநாள் காலை, எங்களுக்குப் பத்தடி கீழே தண்ணீர் சட்டென்று கொப்பளித்தது. ஒரு தலை, பிறகு நாலைந்து தலைகள். ஒன்று மீனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து கடித்தது. முள் நொறுங்கும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. பையன் மூச்சுவிடவில்லை. "பாட்டி, அது கரும்பு கடிக்கிற மாதிரி கடிக்குது" என்றான் மெதுவாக.

நீர்நாய் கரையேறி வந்தால் தள்ளி நில்லுங்கள். சாப்பாடு போடாதீர்கள், படம் எடுக்கக் குனிந்து கிட்டே போகாதீர்கள், குட்டிகள் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. குட்டிகளுக்காக அவை பாயத் தயங்காது. நீர் உடும்புகளும் உண்டு. ஒன்றரை மீட்டர் நீளத்தில் வெயில் காய்ந்துகொண்டு கிடக்கும். அது தன்பாட்டுக்கு இருக்கும், சுற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

ராபர்ட்சன் கீயில்தான் அல்காஃப் பாலம் இருக்கிறது. தேட வேண்டாம், நிறமே காட்டிக்கொடுத்துவிடும். தோங்காங் என்ற பழைய சரக்குப் படகின் வடிவில் கட்டிய நடைப்பாலம். 2004ல் பிலிப்பைன்ஸ் ஓவியர் பசிட்டா அபாட் 55 வண்ணங்களில் இதற்கு வண்ணம் தீட்டினார். வட்டம் வட்டமாக, ஊர்த் திருவிழா வளையல்கடையைப் போல. பிள்ளைகளைப் பாலத்தின் நடுவரைக்கும் போகவிடுங்கள், ஒரு நிறத்தைச் சொல்லித் தேடச்சொல்லுங்கள். பெரியவர்கள் கரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட இதுவே நேரம்.

இதே பகுதியில் புலாவ் சைகோன் பாலம் என்று ஒன்று வரும். புலாவ் என்றால் மலாயில் தீவு. ஆற்றுக்கு நடுவே உண்மையிலேயே ஒரு தீவு இருந்தது. பிறகு இடையிலிருந்த நீரை நிரப்பிக் கரையோடு சேர்த்துவிட்டார்கள். தீவு போய்விட்டது, பெயர் மட்டும் பாலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு கிளைவழி: டேங்க் ரோடு முருகன்

கிளமென்சோ பாலத்தை நெருங்கும்போது முடிவெடுக்க வேண்டும். ஆற்றை விட்டு இடதுபக்கம் உள்ளே போனால் பத்து நிமிடத்துக்குள் டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில். நாட்டுக்கோட்டை நகரத்தார் 1859ல் அமைத்தது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் வந்து சேரும் இடம். பெரியவர்கள் கூட வந்தால் நான் கட்டாயம் இங்கே திரும்பிவிடுவேன். காலையில் தரிசனம் முடித்து, மண்டபத்தின் குளிர்ந்த தரையில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் மூட்டுவலிக்காரர்களுக்குப் பாதி நடைக்கான தெம்பு திரும்ப வந்துவிடும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

செட்டியார்கள் ஏன் ஆற்றுக்கு இவ்வளவு பக்கத்தில்? இந்த ஆறுதான் அன்றைய துறைமுகம். கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சரக்கைப் படகுகளில் ஏற்றி ஆற்றுக்குள் கொண்டுவந்து கிடங்குகளில் இறக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்தப் படகுகளைச் செலுத்தியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த, சூலியா என்று அழைக்கப்பட்ட சோலியர்கள் மிகுதி. வியாபாரத்துக்கு முதல் வேண்டும். அதைக் கொடுத்தவர்கள் செட்டியார்கள். ஆற்றின் தென்கரைக்குப் பின்னால் மார்க்கெட் ஸ்திரீட்டில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன: ஆளுக்கு ஒரு பெட்டகம், ஒரு சாய்வுமேசை, தரையில் உட்கார்ந்தே வரவு செலவு. அந்தத் தெருவுக்கு அருகே இருக்கும் சூலியா ஸ்திரீட்டின் பெயரிலும் நம் ஆட்கள்தான் இருக்கிறார்கள்.

இரண்டாம் பகுதி: கிளார்க் கீ

கோயிலுக்குப் போகாதவர்கள் கரையோடு நேராக வரலாம். பெரும்பாலான சாலைப் பாலங்களுக்கு அடியிலேயே நடைபாதை போகிறது, வண்டிகளுக்கு நடுவே கடக்க வேண்டியதில்லை. படி இருக்கும் இடத்தில் அவசரப்பட்டுத் தள்ளுவண்டியைத் தூக்காதீர்கள்; சரிவுப்பாதை எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

ஓர்டு பாலமும் ரீட் பாலமும் இங்கே அடுத்தடுத்து வரும். ஓர்டு பாலம் 1886, ரீட் பாலம் 1889. இரண்டிலும் இப்போது நடப்பவர்களுக்கு மட்டும்தான் இடம். ஓர்டு பாலத்துக்கு அக்கம்பக்கத்தில் கள்ளுக்கடைகள் இருந்ததால் மக்கள் கள்ளுப் பாலம் என்றே சொல்லியிருக்கிறார்கள். ரீட் பாலத்தில் மாலை நேரத்தில் தியோச்சூ மொழி பேசும் சீனக் கதைசொல்லிகள் உட்கார்ந்து கதை சொல்வார்களாம். வேலை முடிந்த கூலிகள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நம் ஊர்த் திண்ணைக் கதை மாதிரிதான்.

கிளார்க் கீயின் கிடங்குகள் காலையில் கடை மூடிக் கிடக்கும். நிறுத்தி நிதானமாகப் பார்க்க அதுவே நல்லது. நிலைய வாசல் எதிர்க்கரையில் இருப்பதால், களைத்தவர்கள் இங்கேயே நடையை முடித்துக்கொள்ளலாம். வந்த தூரம் பாதிக்கும் மேல். அதில் குறைவொன்றும் இல்லை.

கோல்மன் பாலத்தடியைத் தாண்டினால் இடதுபக்கம் சாலைக்கு அந்தப்புறம் ஒரு கட்டடம், சன்னல் கதவுகள் எல்லாம் வானவில் நிறத்தில். 1934ல் கட்டிய பழைய ஹில் ஸ்திரீட் போலிஸ் நிலையம் அது. மொத்தம் 927 சன்னல்கள். பையன் எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டான். உங்கள் பிள்ளை எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள்.

மூன்றாம் பகுதி: எல்கினிலிருந்து எம்பிரஸ் பிளேஸ் வரை

இந்த நடையில் ஒரே ஒரு பகுதிதான் நடக்க முடியும் என்றால் இதைத்தான் நடப்பேன். எல்கின் பாலம் 1929ல் கட்டியது. இந்த இடத்தில் முன்பிருந்த பாலங்களை வைத்துத்தான் நார்த் பிரிட்ஜ் சாலை, சவுத் பிரிட்ஜ் சாலை என்ற பெயர்களே வந்தன. அதைத் தாண்டி நாடாளுமன்றக் கட்டடத்தின் ஓரமாக வந்தால் ஆறு வளைந்து அகலமாகும். எதிரே போட் கீயின் பழைய கடைவீடுகள், ஓட்டுக்கூரை, அவற்றுக்குப் பின்னால் அண்ணாந்து பார்க்க வேண்டிய வங்கிக் கோபுரங்கள். இங்கே ஒரு நல்ல இருக்கையைப் பிடித்து உட்காருங்கள்.

கணவரின் பெரியப்பா 70களில் அந்த எதிர்வரிசைக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதியவர். ஒருமுறை எங்களோடு வந்தார். இருக்கையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்: "இந்தத் தண்ணி கறுப்பா இருக்கும்மா. மத்தியானம் தண்ணி இறங்கினா சேறு நாத்தம் சோத்துல வந்து ஒட்டிக்கும். ஒருபக்கம் அரிசி மூட்டை, ஒருபக்கம் மீன் குடலு, நடுவுல நாங்க." அவர் சொன்னதில் மிகையில்லை. சரக்குப் படகுகளின் எண்ணெய், சாக்கடை, பன்றிப்பண்ணைக் கழிவு, தெருவோரக் கடைகளின் குப்பை எல்லாம் ஆற்றில்தான் கலந்தது. 1977ல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ பத்து வருடத்தில் ஆற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று இலக்கு வைத்தார். ஆற்றங்கரைக் குடிசைவாசிகளுக்கு வேறு வீடு, தெருக்கடைகளுக்கு உணவங்காடி நிலையம், பண்ணைகள் அகற்றம். 1983ல் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 1987ல் வேலை முடிந்தது. படகுகள் போன நாளில் கரையில் நின்று பார்த்தவர்களில் பெரியப்பாவும் ஒருவர். நாற்றம் போனதில் நிம்மதி, ஆனால் படகில்லாத ஆறு வெறிச்சென்று இருந்தது என்றார்.

2008ல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு கடல்நீர் உள்ளே வருவதில்லை. ஆறு முழுக்க நன்னீராகி, குடிநீர் நீர்த்தேக்கத்தின் பகுதியாகிவிட்டது. அதனால் ஏற்ற வற்றம் இல்லை, எந்நேரமும் கரை தளும்பத் தண்ணீர். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்: நாம் பக்கத்தில் நடக்கும் இந்த ஆறு வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் தரும் ஆறுகளில் ஒன்று. பிஸ்கட் தாளை எறிய நீளும் கை தானாக மடங்கும்.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஒரு குறை மட்டும் தீரவில்லை. "இவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க. இறங்கிக் காலை நனைக்க ஒரு படித்துறை வச்சிருக்கக் கூடாதா?" படகுத்துறைப் படிகள் சில உண்டு, ஆனால் இறங்கிக் குளிக்கும் ஆறு இதுவல்ல. அதே காரணத்தால் ஓர் எச்சரிக்கை: எல்லா இடத்திலும் கைப்பிடிக் கம்பி இருக்காது. நடக்கப் பழகிய குழந்தை இருந்தால் இந்தப் பகுதியில் ஒரு பெரியவர் எப்போதும் தண்ணீர்ப் பக்கமாக நடக்க வேண்டும். குழந்தை சுவர்ப்பக்கம், பெரியவர் ஆற்றுப்பக்கம். இதை வீட்டிலேயே யார் என்று பேசி முடிவுசெய்துகொண்டு வாருங்கள்; இரண்டு பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கும் நிமிடம்தான் ஆபத்து.

அடுத்து வெள்ளைச் சிலை: 1819 ஜனவரியில், இங்கே பிரிட்டிஷ் வணிகத்தளம் அமைத்த ராஃபிள்ஸ் கரையிறங்கிய இடமாகக் குறிக்கப்பட்டது. 2019ல் இருநூறு ஆண்டு நினைவின்போது இவருக்குப் பக்கத்தில் மேலும் நான்கு பேரின் சிலைகளைக் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் நாராயண பிள்ளை: பினாங்கிலிருந்து 1819லேயே வந்து, செங்கல் சூளை போட்டு, பிறகு சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் உருவாகக் காரணமாக இருந்த தமிழர்.

இன்னும் சில அடி தள்ளி ஆசிய நாகரிக அருங்காட்சியகம். அதன் புல்தரையில் செட்டியார் ஒருவரும் இந்தக் காலத்து நிதித்துறைக்காரர்களும் சேர்ந்திருக்கும் வெண்கலச் சிலைகள் உண்டு. அருங்காட்சியகத்துக்கு அருகே கூம்பாக எழும் ஒரு கல்தூண், டல்ஹவுசி தூண். இந்தியத் தலைமை ஆளுநராக இருந்த டல்ஹவுசி 1850ல் வந்துபோன நினைவாக நிறுத்தியது. பெரும்பாலானவர்கள் தூணைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோவார்கள். நீங்கள் சுற்றிவந்து பாருங்கள். நான்கு பக்கங்களில் நான்கு மொழி: ஆங்கிலம், சீனம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), தமிழ். தமிழ்ப் பக்கத்தின் முன் பிள்ளையை நிறுத்தி, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கச்சொல்லுங்கள். என் மகன் தமிழ்ப் பாடம் என்றாலே பின்வாங்குகிறவன், அன்று மூன்று வரி தட்டுத்தடுமாறிப் படித்துவிட்டு, "இத எழுதினவங்க நம்ம ஸ்கூல்லயா படிச்சாங்க?" என்று கேட்டான். அந்தத் தூணின் நிழலில் நாங்கள் நின்றது பத்து நிமிடம் இருக்கும். இந்த ஊருக்கு வந்த பிறகு எனக்குக் கிடைத்த நல்ல பத்து நிமிடங்களில் அதுவும் ஒன்று.

பக்கத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தாலும் அங்கே நிழல் குறையாது.

கடைசிப் பகுதி: கேவனா பாலமும் ஆற்றுமுகமும்

கேவனா பாலம் 1869ல் கட்டியது. தன் பழைய உருவத்திலேயே நிற்கும் பாலங்களில் மூத்தது. இரும்புப் பாகங்கள் கிளாஸ்கோவில் செய்து கப்பலில் வந்தன. பாலத்தின் முனையில் ஒரு பழைய காவல்துறை அறிவிப்பு இன்னும் இருக்கிறது: மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு, அதாவது சுமார் 152 கிலோவுக்கு, மேற்பட்ட வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் போகக் கூடாது. 1910ல் பக்கத்தில் ஆண்டர்சன் பாலம் வந்ததும் இது நடப்பவர்களுக்கென்று ஆகிவிட்டது. மாட்டுவண்டி போகக் கூடாத பாலத்தில் தள்ளுவண்டி போகலாம், தாராளமாக.

இந்தப் பாலத்தில் கரை மாறுங்கள். அந்தப் பக்கம் இறங்கினால் இரண்டு சிலைத்தொகுதிகள். ஒன்று, ஆற்றுக்குள் குதிக்கும் ஐந்து சிறுவர்கள். சிற்பி சோங் ஃபா சியோங் 2000ல் செய்தது; ஒருவன் காலுக்குக் கீழே காற்றுதான் இருக்கிறது, அப்படியொரு பாய்ச்சல். இன்னொன்று, காலடியில் சின்னதாக, ஒரு பூனைக் குடும்பம். கடந்துபோகிறவர்கள் பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். பிள்ளைகளின் உயரத்துக்குச் சரியாகத் தெரியும்.

அங்கிருந்து 1928ல் கட்டிய ஃபுல்லர்ட்டன் கட்டடத்தின் ஓரமாக, எஸ்பிளனேட் பாலத்துக்கு அடியில் போனால் மெர்லயன் பூங்கா. 1972ல் ஆற்றுமுகத்தில் வைத்த 8.6 மீட்டர் சிலை. 1997ல் எஸ்பிளனேட் பாலம் குறுக்கே வந்து மறைத்ததால், 2002ல் இப்போதைய இடத்துக்கு நகர்த்தினார்கள். இங்கே நிழல் இல்லை, கூட்டம் அதிகம். படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் நகருங்கள். மெர்லயனைப் பார்க்கத்தான் வந்தோம் என்று அவசரப்படுத்தி நடத்திக்கொண்டு வந்தவர்கள் இங்கே வாடிய முகத்தோடு நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்; அவர்கள் தாண்டி வந்தது எல்லாம் பின்னால் இருக்கிறது.

இந்த ஆற்றுமுகத்தில்தான் ஒரு காலத்தில் ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுப் பாறை நின்றது. 1843ல் இடத்தை விரிவாக்குவதற்காக வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். எஞ்சிய ஒரு துண்டு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் எழுத்தை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. டல்ஹவுசி தூணில் எழுத்துக்கூட்டிய பிள்ளைக்கு இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

தெம்பிருந்தால் 2015ல் திறந்த ஜூபிலி பாலத்தில் நடந்து எஸ்பிளனேட் பக்கம் போய்விடலாம். அங்கே கட்டடத்துக்குள் குளிர்சாதனமும் கழிப்பறையும் உண்டு, அங்கேயே நிலையமும் இருக்கிறது. இல்லையென்றால் திரும்பி ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்துக்கு நடந்துவிடலாம். பசிக்குதென்றால் அதற்குப் பக்கத்தில் லாவ் பா சாட். 1894ல் எழுந்த இரும்புத் தூண்களுக்கு நடுவே மின்விசிறிகள் சுழலும் பழைய சந்தைக் கட்டடம். இந்தியக் கடைகளும் உண்டு. ஆற்றோர உணவகங்களைவிட விலை குறைவு.

நாங்கள் அங்கேதான் உட்கார்ந்து கணக்கு முடித்தோம். அத்தை விரல்விட்டு எண்ணினார், கணவர் கைத்தொலைபேசி வரைபடத்தைப் பார்த்தார், இருவருக்கும் ஒரே எண். பையனுக்கு மட்டும் இரண்டு கூடுதல். எங்கே தப்பு என்று திரும்பத் திரும்பக் கேட்டபிறகு சொன்னான்: பூனைகளை அப்பாவுக்குக் காட்ட கேவனா பாலத்தில் மறுபடி அந்தப் பக்கம் ஓடி, திரும்பி வந்தானாம். "நான் நடந்தது எல்லாம் கணக்குதானே?" அத்தை அவன் எண்ணையே சரியென்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.